ஒதுங்கு, நான் வர்றேன்!

தென்காசிக்காரர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்கள், கௌரவம் பார்க்கிற ஜனங்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு கலெக்டர் என்றால் அவர் திருநெல்வேலியில் இருப்பார். ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் 'முன்னேற்பாடுகளை ஆய்வு செய்ய' வருவார். அவர் மட்டுமா? மந்திரி, செயலர், வாரியத் தலைவர், வாரியத் தலைவரின் மச்சான் என்று ஒரு ஊர்வலமே ஆய்வுக்குக் கிளம்பி வரும். ஓர் அருவியை இவ்வளவு அக்கறையாக ஆய்வு செய்த அரசாங்கம் உலகத்தில் வேறு இருக்காது. ஆய்வு முடிந்து திரும்பும்போது தலை ஈரமாக இருந்தால் அது சாரலாகத்தான் இருக்க வேண்டும்!

ஒவ்வொரு கார் தலையிலும் ஒரு விளக்கு சுற்றும். கூடவே சைரன். சைக்கிள்காரர், ஆட்டுக்காரர், ஆடு எல்லாரும் பதவிசாக ஓரம் கட்டுவார்கள். தென்காசிக்குப் பக்கத்துக் குத்துக்கல்வலசைக்காரர் ஒருவர் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பார்? "நமக்குன்னு ஒரு மாவட்டம் வந்தா, இந்த மாதிரி கார் நம்ம ஊருலயே நிக்கும்லா?"

வந்தது. 2019 நவம்பர் 22, தமிழ்நாட்டின் 33-வது மாவட்டமாகத் தென்காசி உதயமானது. மேளதாளம், பேனர், லட்டு எல்லாம் ஆச்சு. கலெக்டர் வந்தார். கார் வந்தது. காரின் தலை மொட்டையாக இருந்தது!

ஆமாம். அதற்கு இரண்டரை வருஷம் முன்னாலேயே நாடு பூராவும் சுழல்விளக்கைக் கழற்றிவிட்டார்கள். ஆக, தென்காசி கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தர்கூட தலையில் விளக்கு வைத்த காரில் அந்த மாவட்டத்தைச் சுற்றவில்லை. வரலாறு சில ஊர்களை வேண்டுமென்றே லேட்டாக அழைக்கும்.

சரி, அந்த விளக்கில் அப்படி என்னதான் இருந்தது? ஒரு பல்பு, ஒரு மோட்டார், ஒரு சிவப்பு மூடி. அதற்காகப் படித்தார்கள், தேர்தலில் நின்றார்கள், கட்சி மாறினார்கள், மாறிய கட்சியிலிருந்து திரும்பி வந்தார்கள். 'என் புள்ள ஒருநாள் சைரன் வச்ச கார்ல வருவான்' என்று சபதம் போடாத சினிமா அம்மா உண்டா? 'என் புள்ள ஃபைலை ஒழுங்காப் படிப்பான்' என்று எந்த அம்மாவும் சபதம் போட்டதாகத் தெரியவில்லை.

இந்த வியாதி மோட்டார் வண்டியோடு வந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ரொம்பப் பழசு.

ஒரு சின்னக் கேள்வி. வெயில் மண்டையைப் பிளக்கிற நண்பகலில் தீப்பந்தம் எதற்கு? வைத்தியரிடம் காட்ட வேண்டிய கேஸ் என்பீர்கள். நம் முன்னோர்கள் அதற்கு விருது என்று பெயர் வைத்தார்கள்! குடை, சாமரம், பல்லக்கு, கொம்பு, எக்காளம் என்று ராஜாக்கள் அள்ளிக் கொடுத்த வரிசைகளில் 'பகல் பந்தம்' என்றே ஒன்று உண்டு. பெரிய மனிதர் பட்டப்பகலில் வீதியில் போவார். முன்னால் ஓர் ஆள் எரிகிற பந்தத்தோடு நடப்பான். ராத்திரியில் பந்தம் பிடித்தால் பாதை தெரியும். பகலில் பிடித்தால் பிடிக்கச் சொன்னவர் தெரிவார்.

அந்தப் பந்தத்தின் வெளிச்சத்தில் யாராவது எதையாவது பார்த்திருப்பார்களா என்றால், சான்ஸே இல்லை. ஆனால் அதை யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்பதில் மட்டும் ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தது. குடை, கொடி, பந்தம் மாதிரி வரிசைகளுக்காக வலங்கை, இடங்கை என்று பிரிந்து மோதிக்கொண்டதில் மதராஸ்பட்டணத்துத் தெருக்களில் மண்டைகள் உடைந்தன. வியாபாரம் பண்ண வந்த கும்பினிக்காரன் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு உட்கார வேண்டியிருந்தது. மிளகு வாங்க வந்தவனை நாட்டாமை ஆக்கியது நாம்தான்.

பிறகு அவனுக்கே அந்த ருசி பிடித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார்கள் குற்றாலத்தைக் 'கண்டுபிடித்தார்கள்'. (அதுவரை அது எங்கே தொலைந்து போயிருந்தது என்று கேட்காதீர்கள். துரை பார்த்தால்தான் கண்டுபிடிப்பு.) திருநெல்வேலிச் சீமையின் அதிகாரிகள் சீசனுக்கு இங்கே பங்களா போட்டார்கள். பயணம் பல்லக்கில். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில். துரை உள்ளே காலை நீட்டித் தூங்க, தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டே ஓட, முன்னால் தீவட்டிக்காரன் ஒரு கையில் துணிப்பந்தம், மறு கையில் எண்ணெய்க் கலயம். சுடர் இறங்க இறங்க எண்ணெயை ஊற்றியபடி அவனும் ஓட வேண்டும். இந்தியச் சாலைகளின் முதல் ஹெட்லைட் அவன்தான். மூச்சு வாங்கிய ஒரே ஹெட்லைட்டும் அவன்தான்.

இந்த இடத்தில் தென்காசியின் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். பராக்கிரம பாண்டியன். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவர். ஐந்து பந்தம், பத்து யானை என்று தூள் கிளப்பியிருக்க எல்லாத் தகுதியும் உள்ள ஆள். என்ன செய்தார்? பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை ஏதும் வந்து அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும், இப்போதே அவர் காலில் விழுந்து கும்பிடுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார்! இன்னும் பிறக்கவே பிறக்காத கான்ட்ராக்டர் காலில் அட்வான்ஸாக விழுந்த ராஜா, எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். தென்காசியில் இவருக்கு நல்ல பெயர் இருக்கிறது. வாரிசுதான் இல்லை. அரசியலில் எல்லாரும் பகல் பந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

'அப்படியென்றால் வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கா?' என்று கேட்டால், உட்காருங்கள், நிறைய இருக்கிறது.

1865-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. ரோட்டில் நீராவி வண்டி போனால் அதற்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். ஊருக்குள் வண்டியின் வேகம் மணிக்கு 2 மைல். அதாவது வண்டியை வாங்கியவர், இன்ஜினை ஓட்டத் தெரிந்தவர், கரி அள்ளிப் போடுகிறவர் ஆகிய அத்தனை பேரும் ஒரு கொடிக்காரனின் நடை வேகத்தில் போனார்கள். அவனுக்குக் கால் வலித்தால் தொழிற்புரட்சியே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும்.

மூன்று வருஷம் கழித்து, 1868 டிசம்பரில், லண்டனில் உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் வந்தது. வடிவமைத்தவர் ஜே.பி. நைட் என்ற ரயில்வே இன்ஜினியர். ரயிலுக்குக் கை காட்டும் கட்டை மாதிரியே ரோட்டுக்கும் ஒன்று. ராத்திரிக்கு சிவப்பும் பச்சையுமாக கேஸ் விளக்கு. எங்கே வைத்தார்கள் தெரியுமா? பார்லிமென்ட் வாசலில். எம்.பி.க்கள் குதிரை வண்டிகளில் அடிபடாமல் உள்ளே போய்ச் சேர வேண்டாமா! ஆக, உலகத்தில் முதல் சிக்னல் விளக்கே விஐபிக்குத்தான். ஆனால் 1869 ஜனவரியில் கேஸ் கசிந்து விளக்கு வெடித்தது. அதை இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம். எம்.பி.க்கள் பத்திரம். இந்தப் பங்கீட்டில் மட்டும் 150 வருஷமாக எந்த மாற்றமும் இல்லை.

அப்புறம் லெஸ்லி ஹோர்-பெலிஷா. 1934-ல் பிரிட்டனின் போக்குவரத்து மந்திரி. ஜனங்கள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு உருண்டை வைத்தார். நல்ல காரியம், உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உருண்டைக்குப் பெயர் 'பெலிஷா பீக்கன்' என்று ஆனது. மந்திரி முகம் சுளிக்கவில்லை. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குத் தலைவர் பெயர் வைத்தால் சிரிக்கிறோமே, அங்கே மினுக்குகிற விளக்குக்கே மந்திரி பெயர்! லண்டன் பொடியன்கள் இந்தக் கௌரவத்தை உடனே புரிந்துகொண்டார்கள். கண்ணாடி உருண்டைகளைக் குறிபார்த்துக் கல்லெறிந்து பழகினார்கள்.

ஜெர்மன்காரன் வேறு ரகம். 1930-களின் கடைசியில் யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. விமானத்திலிருந்து குண்டு போடுகிறவன் கண்ணில் படாமல் ஊரை இருட்டாக்க வேண்டும், போலீஸ் வண்டிக்கு விளக்கும் வேண்டும். மேலே தூரத்தில் அவ்வளவாகத் தெரியாது என்று நீலத்தைத் தேர்ந்தெடுத்தான். இன்றைக்குப் பாதி உலகத்தில் போலீஸ் வண்டியின் நீல விளக்கு அங்கிருந்து வந்ததுதான். 'எல்லாரும் என்னைப் பாருங்கள்' என்று கத்துகிற நிறம், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பொறுக்கிய நிறம்!

இனி நம் கதாநாயகன், சுழல்விளக்கு. 1948-ல் அமெரிக்காவில் 'பீக்கன் ரே' என்ற பெயரில் கூரைமேல் சுற்றுகிற விளக்கு ஒன்று சந்தைக்கு வந்தது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த விளக்குகளைத்தான் நம் அம்பாஸடர்கள் தலையில் சுமந்தன. அம்பாஸடர் விளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கைக் கேளுங்கள், ஒரு ரகசியம் சொல்வார். உள்ளே பல்பு சுற்றவே சுற்றாது. அணைந்து எரியவும் எரியாது. அது பாட்டுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு கண்ணாடி மட்டும் ஒரு குட்டி மோட்டார் தயவில் ஓயாமல் வட்டம் அடிக்கும். வெளியே நிற்கிறவனுக்கு ஏதோ பிரமாண்டமாகச் சுழல்வதாகத் தோன்றும். நடுவில் அசையாத ஓர் ஆள், சுற்றிப் பளபளக்கிற துதிபாடி. மந்திரி காருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு கருவியை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த விளக்கை யார் வைக்கலாம் என்பதற்கு 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விதி. நம்பர் என்ன? 108! சாமிக்கு 108 தேங்காய், ஆஸ்பத்திரிக்குப் போக 108, மந்திரிக்கு விதி 108. இதெல்லாம் தற்செயல் என்று சொன்னால் எந்த ஜோசியர் ஒத்துக்கொள்வார்?

அந்த விதியின் கீழ் டெல்லியிலிருந்து பட்டியல்கள் வந்தன. படித்தால் சிரிப்பை அடக்க முடியாது. தேசத்தின் பெரிய மனிதர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மின்னும் சிவப்பு, மின்னாத சிவப்பு. ராஷ்டிரபதி, பிரதமர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், கேபினட் மந்திரிகள் எல்லாம் மின்னலாம். ராஜாங்க மந்திரிகளும் தலைமைத் தேர்தல் ஆணையரும் விளக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மின்னக் கூடாது. முப்படைத் தளபதிகளும் மின்னாத பட்டியலில்தான்! தளபதியிடம் பீரங்கி இருக்கிறது, போர்க்கப்பல் இருக்கிறது, அவர் கண் அசைத்தால் விமானங்கள் பறக்கும். கார் விளக்கை மட்டும் கண் சிமிட்ட வைக்க முடியாது.

கொஞ்சம் யோசியுங்கள். இதை யாரோ ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார். அதற்கு முன் ஒரு கூட்டம் நடந்திருக்கும். டீ, முந்திரிப் பருப்பு எல்லாம் வந்திருக்கும். 'துணைச் சபாநாயகரை மினுக்க விடலாமா?' என்று யாராவது முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டிருப்பார். (விடவில்லை.) அதே விதி ஆம்புலன்ஸுக்கும் விளக்கு கொடுத்தது. ஊதாக் கண்ணாடிக்குள் சிமிட்டும் சிவப்பு. உயிர் போகிற அவசரத்துக்கு ஊதா, ரிப்பன் வெட்டப் போகிற அவசரத்துக்கு அசல் சிவப்பு.

பட்டியல் டெல்லியோடு நிற்குமா? மாநிலங்களும் தங்களுக்கென்று பட்டியல் போட்டன. பட்டியலில் இல்லாதவர்கள் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் விளக்கு இல்லாத வெள்ளை அம்பாஸடரைப் பார்த்தால்தான் 'யாரோ பெரிய ஆள் போல, ரொம்ப எளிமை' என்று ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உத்தரப் பிரதேசத்திலிருந்து அபய் சிங் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 2013 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, சி. நாகப்பன் அமர்வு தீர்ப்புச் சொன்னது: உயர்ந்த அரசியலமைப்புப் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் சிவப்பு, அதுவும் பணியில் இருக்கும்போது மட்டும். மற்றவர்கள் கழற்றுங்கள். அதிகாரிகள் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்கள். சிவப்பைத்தானே கழற்றச் சொன்னார்கள்? பல ஊர்களில் அதே இடத்தில் நீலமும் ஆரஞ்சும் வந்து உட்கார்ந்தன!

கடைசியில் 2017 ஏப்ரல் 19. மத்திய அமைச்சரவை கூடி, மே 1 முதல் யாருக்கும் கிடையாது என்று முடிவெடுத்தது. ராஷ்டிரபதிக்கும் கிடையாது, பிரதமருக்கும் கிடையாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி அவசர வண்டிகளுக்கு மட்டும். உடனே ஆரம்பித்தது கழற்றும் திருவிழா. நிதின் கட்கரி தன் காரிலிருந்து எடுத்தார், கேமராக்கள் மினுக்கின. தமிழ்நாட்டில் அப்போதைய முதல்வர் பழனிசாமியின் காரிலிருந்தும் விளக்கு இறங்கியது, மந்திரிகள் பின்தொடர்ந்தார்கள். மே 1 வரை டைம் இருந்தாலும் யாரும் காத்திருக்கவில்லை. விளக்கை மாட்டிக்கொள்ள இருந்த அவசரம், கழற்றுவதைப் படம் எடுத்துக்கொள்வதிலும் இருந்தது. எளிமைக்கும் ஒரு ஃப்ளாஷ் தேவைப்படுகிறதே!

ஒவ்வொரு இந்தியரும் விஐபிதான் என்று பிரதமர் ட்வீட் போட்டார். அதை ஒரு அழகான வாக்கியம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அரசாங்கம் அதை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அதே மாதம், 2017 ஏப்ரல் 1 முதல், புதிதாக விற்கிற ஒவ்வொரு டூ வீலருக்கும் ஒரு சட்டம் அமலுக்கு வந்திருந்தது. இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும். ராத்திரியோ பகலோ, அணைக்க சுவிட்ச் கிடையாது!

புரிகிறதா? மந்திரி தலையிலிருந்து பகல் பந்தத்தை இறக்கிய மாதத்தில், மாவு பாக்கெட் வாங்க ஸ்கூட்டியில் போகிற அக்காவுக்குப் பகல் பந்தம் கொடுத்துவிட்டார்கள். விருது, சாசனம், செப்புப் பட்டயம் ஒன்றும் வேண்டாம். ஆர்.சி. புத்தகம் போதும்.

நியாயமாகச் சொன்னால் இந்தப் பந்தத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. எதிரே வருகிற பஸ்காரர் கண்ணில் பைக் முன்கூட்டியே படும், விபத்து குறையும் என்பது கணக்கு. ஆனால் நம் ஜனங்களால் அதைத் தாங்க முடியவில்லை. தென்காசி டவுனைத் தாண்டி குத்துக்கல்வலசைப் பக்கம் பட்டப்பகலில் ஒரு புது பைக்கில் போய்ப் பாருங்கள். எதிரே வருகிறவர் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, லைட்டு எரியுதுல்லா!" பின்னால் முந்துகிறவரும் தலையைத் திருப்பி, "லைட்டு, லைட்டு" என்பார். 'இது அரசாங்கம் போட்ட லைட், அணைக்க முடியாது' என்று விளக்குவதற்குள் அவர் கால் கிலோமீட்டர் போயிருப்பார். இத்தனைக்கும் அந்த மூன்று பேரில் யாராவது தன் வண்டியின் செத்துப்போன பிரேக் லைட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பாரா? வாய்ப்பே இல்லை. அடுத்தவன் பேட்டரிமேல் நமக்கு இருக்கிற பாசம் அப்படி.

சரி, விஐபி ஆகிவிட்டோம். அடுத்து என்ன? மினுக்க வேண்டியதுதான்.

ஹெட்லைட்டை ஒரு தடவை அடித்து அணைத்தால் என்ன அர்த்தம்? லண்டனில் கார் ஓட்டுகிற நம் சொந்தக்காரரைக் கேளுங்கள். அங்கே சாலை விதிப் புத்தகத்தின்படி 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். நடைமுறையில் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று அர்த்தம். எதிராளி கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவான். அதே மனிதர் குற்றால சீசனுக்கு வந்து, வாடகைக் கார் எடுத்து, குறுகலான பாலத்தருகே நிற்கிறார். எதிரே டாரஸ் லாரி லைட் அடிக்கிறது. 'அடடா, எவ்வளவு பண்பு' என்று நெகிழ்ந்துபோய் வண்டியை எடுக்கிறார். நம் ஊரில் அந்த லைட்டுக்கு 'ஒதுங்கு, நான் வர்றேன்' என்று அர்த்தம் என்பது அவருக்கு லாரியின் பம்பர் ஜன்னலை நிறைக்கும்போதுதான் தெரியவருகிறது.

அது மட்டுமா? இரண்டு தடவை அடித்தால் 'கண்ணு கூசுது, டிம் பண்ணு'. ஊருக்கு வெளியே பகலில் அடித்தால் 'முன்னால செக்கிங் நிக்குது'. ஒரே டெப்போ பஸ்கள் எதிரெதிரே வந்தால் அது வெறும் குசலம் விசாரிப்பு. ராங் சைடில் வருகிற பைக்குக்காரர் அடித்தால், 'நான் தப்பாத்தான் வர்றேன், ஆனா சொல்லிட்டு வர்றேன்ல?'

கேரளாவுக்குப் போகிற சாலையில், புளியரை தாண்டி எஸ் வளைவில் இந்த பாஷையின் உச்சக்கட்டத்தைப் பார்க்கலாம். மலைப்பாதை குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறுகிறவர் 'விதி என் பக்கம்' என்று லைட் அடிப்பார். இறங்குகிறவர் 'சரிவு என் பக்கம்' என்று லைட் அடிப்பார். இருவரும் திரும்பத் திரும்ப அடித்து, இருவரும் வளைவின் நடுவே வந்து மூக்கோடு மூக்கு நிற்பார்கள். பிறகு என்ன? இரண்டு கிளீனர்களும் இறங்கி, பின்னால் நிற்கிற நாற்பது வண்டியையும் ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். டிரைவர்கள் இருவரும் பீடி பற்ற வைத்துக்கொண்டு சிநேகமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். லைட் அடித்தது கௌரவப் பிரச்சனை. மனிதர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை.

இண்டிகேட்டர் கதை இன்னும் தமாஷ். மாரிஸ் மைனர் காரில் ஒரு காலத்தில் விளக்கு சிமிட்டாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். திரும்பி முடித்ததும் அது உள்ளே போக வேண்டும். சில சமயம் போகாது. டிரைவர் தூணில் ஒரு குத்து விடுவார். 1961-ல் அந்தக் கம்பெனி கையை எடுத்துவிட்டு சிமிட்டும் விளக்கை வைத்தது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்ட வேண்டும் என்று கணக்கு. இன்றைய கார்களில் ஒரு பல்பு போய்விட்டால் மீதி பல்பு இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கும், ரிப்பேர் என்று ஓனருக்குச் சொல்வதற்காக. ஓனர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி இண்டிகேட்டர் எப்படி அடிக்குது பாத்தியா, மத்ததெல்லாம் தூங்கி வழியுது" என்கிறார்.

லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தால் மூன்று அர்த்தம் உண்டு. 'நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்.' 'எதிரே வண்டி வருது, ஏறாதே.' 'ரோடு காலி, ஏறிப் போ.' இதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு இருக்கும் நேரம் இரண்டு விநாடி, நெகட்டிவ் மார்க் உண்டு. சந்தேகம் தீரவில்லையா? கிளீனர் பையன் இடப்பக்க ஜன்னலில் கையைத் தொங்கப் போட்டு நாலு விரலை அசைப்பான். அதுதான் கோனார் நோட்ஸ். நாலாவதாக ஓர் அர்த்தமும் இருக்கிறது: ராஜபாளையத்தில் திரும்பும்போது போட்டது, அணைக்க மறந்துவிட்டார்.

ஆனால் நான் தொப்பி கழற்றி வணங்குவது நாலு இண்டிகேட்டரையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு ஜங்ஷனில் நேராகப் போகிறவரைத்தான். வண்டி பழுதாகி நடுரோட்டில் நின்றால் மற்றவர்களை எச்சரிக்க வைத்த விளக்கு அது. நம் ஆள் எப்படி யோசித்தார்? இடது போட்டால் இடது. வலது போட்டால் வலது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நேர்! கணிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு வேன் மறைத்து, பாதி காரை மட்டும் பார்க்கிறவருக்கு இடது விளக்கு மட்டும்தான் தெரியும், 'இவன் திரும்பறான், நாம போவோம்' என்று அவர் நுழைவார் என்பது ஒன்றுதான் சிக்கல். அதன்பிறகு வண்டி நிஜமாகவே பழுதாகி நடுரோட்டில் நிற்கும். அப்போது அதே நாலு விளக்கும் அரசாங்கம் சொன்ன அர்த்தத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு மினுக்கலுக்கும் நடுவில் ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் நம் ஜனங்கள் இன்னும் மனதார ஒதுங்குகிறார்கள். 108 ஆம்புலன்ஸ். 2008-ல் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அதன் சத்தம் கேட்டால் டாரஸும் இறங்கும், ஆட்டோவும் ஏறும், எஸ் வளைவு எதிரிகள்கூட சமாதானமாவார்கள். அப்படியே கடல் பிளந்து வழி விடும்.

பிளந்த கடலில் இரண்டாவதாக ஒரு கார் வரும், பார்த்திருக்கிறீர்களா? சீசன் நாளில் கடையநல்லூர் பக்கமிருந்து தென்காசி நோக்கி ஆம்புலன்ஸ் பறக்கிறது. அதன் பின்பக்கக் கதவில் ஒட்டாத குறையாக ஓர் இன்னோவா. நாலு இண்டிகேட்டரும் துடிக்கிறது, ஹெட்லைட் ஹை பீமில். 'பாவம், பேஷன்ட்டோட சொந்தக்காரங்க' என்று குத்துக்கல்வலசையில் வண்டிகள் மரியாதையாக அதற்கும் ஒதுங்குகின்றன. உள்ளே ஆறு பேர். தோளில் துண்டு, மடியில் எண்ணெய் பாட்டில், டேஷ்போர்டில் ஷாம்பு பாக்கெட் சரம். அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் அவர்களுக்கு. டிரைவர் சீட்டில் இருக்கும் மாப்பிள்ளை, வேகம் பத்தவில்லை என்று ஆம்புலன்ஸுக்கே லைட் அடிக்கிறார்.

ஆம்புலன்ஸ் சட்டென்று தென்காசி அரசு மருத்துவமனை கேட்டுக்குள் திரும்புகிறது. அதே வேகத்தில் இன்னோவாவும். செக்யூரிட்டி ஓடிவந்து கதவைத் திறக்கிறார், ஸ்ட்ரெச்சர் தயார். துண்டு கட்டிய ஆறு பேரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்:

"அட்மிஷன் யாருக்குவே?"